கணினியும் தமிழும்: சேர்த்துப் படிக்க எந்த வழி?

என் சித்தி மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறாள். கணக்கு அவளுக்குக் கைவந்த பாடம். தமிழை மதிப்பெண்ணுக்காகப் படிக்காமல் ஆசைக்காகப் படிப்பவள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டாள்: “அக்கா, நீங்கள் எஞ்சினியரிங்கும் படிக்கிறீர்கள், பி.ஏ. தமிழும் படிக்கிறீர்கள். நானும் அப்படியே சேர்ந்துவிடட்டுமா?”

ஆமாம் என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. நான் போனது எனக்கு வாய்த்த வழி. நாலைந்து வழிகளை அருகருகே வைத்துப் பார்த்து நான் அதில் இறங்கவில்லை. அன்று செய்யாமல் விட்ட அந்த வேலையை இப்போது அவளுக்காகச் செய்திருக்கிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் எழுதியும் வைக்கிறேன்.

2022இல் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியலில் சேர்ந்தேன். அந்த ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்குத் ‘தமிழர் மரபு’, இரண்டாம் செமஸ்டருக்குத் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு). வகுப்பில் பலருக்கு அது மூச்சுவிடும் நேரம். எனக்கு அது பசியைக் கிளப்பிவிட்டது. மறு ஆண்டே ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டேன். இப்போது இரண்டிலும் கடைசி ஆண்டு.

வழிகளை எடைபோட எனக்கு ஒரு தராசு கிடைத்தது மூன்றாம் ஆண்டில். அந்தக் கதையைச் சொன்னால்தான் பின்னால் நான் சொல்லும் தீர்ப்புகள் புரியும்.

கல்லூரியில் மினி புராஜெக்டுக்காகக் குறள்களின் தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையை, சோதிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். 1330 குறள்கள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9310 சீர்கள். ஒவ்வொன்றையும் நேர், நிரை என்று அசை பிரித்து, அடுத்த சீரோடு வெண்பாவுக்குரிய வெண்டளை பிறழாமல் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். விதிகள் பள்ளியில் படித்தவைதாம்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் (மா, விளம், காய் என்பவை சீர் வகைகள், ‘முன்’ என்றால் இங்கே ‘அடுத்து’). கணினிக்கு இதைவிட ஒழுங்கான இலக்கணம் கிடைக்காது என்று மகிழ்ந்துபோயிருந்தேன். ஓட்டிப் பார்த்தபோது 66ஆம் குறளில் தளை தட்டுகிறது என்று நின்றது.

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொற் கேளா தவர்

குழலினி, நிரை நிரை, கருவிளம். அப்படியானால் அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும். என் நிரலோ ‘தியா’ என்பதை நிரையாக எடுத்துக்கொண்டு, பிழை என்றது. கல்லூரியில் காட்டினேன். சில பிழைகள் வருவது இயல்பு, அறிக்கையில் துல்லிய விழுக்காட்டைப் போட்டு முடித்துவிடு என்ற அறிவுரை வந்தது. முடித்திருந்தால் மதிப்பெண் குறைந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பி.ஏ. தொடர்பு வகுப்பில், அதாவது தொலைநிலை மாணவர்களுக்கு நேரில் நடக்கும் வகுப்பில், தமிழாசிரியர் ஐயாவிடம் தாளை நீட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இந்தத் ‘தி’யை ஏனம்மா அலகிட்டாய்? இது குற்றியலிகரம் அல்லவா?” என்றார். இனிது என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம், யாழ் என்னும் யகரச் சொல் வந்ததால் இகரமாகத் திரிந்து குறுகி நிற்கிறது. அரை மாத்திரைதான். வெண்பாவில் தளை கெடும் இடத்தில் அதை அலகிடக் கூடாது, அதாவது அசை பிரிக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது. ‘தி’யை விட்டுவிட்டால் யாழினி, நேர் நிரை, கூவிளம். அடுத்து வரும் தென்பதமும் நேரில்தான் தொடங்குகிறது. அடி ஒழுங்காகிவிட்டது.

விதி எனக்குத் தெரியாததல்ல. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியும் இருக்கிறேன். நிரல் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தார் என்பதே அங்கே பெரிய செய்தி.

கதை அதோடு முடியவில்லை. நான் திருப்பிக் கேட்டேன்: “ஐயா, தியாகம் என்ற சொல்லிலும் ‘தியா’ வருகிறது. அதை அலகிட வேண்டும், இதை அலகிடக் கூடாது. எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?” அவர் சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றார். அடுத்த வகுப்பில் இல்லை, அதற்கும் அடுத்த வகுப்பில் ஒரு தாளோடு வந்தார். முன் சீரையும் சேர்த்துச் சொல்லாகப் பிரித்துப் பார். ‘குழலினிது’ என்று ஒரு முழுச்சொல் கிடைத்தால் அந்தத் ‘தி’ அதற்குச் சொந்தம் என்று எழுதியிருந்தார். அதாவது அகராதி இல்லாமல் அசை பிரிக்க முடியாது. நெடுங்காலம் தமிழ் கற்பித்த அவருக்கு அப்படி ஒரு கேள்வி அதுவரை எழுந்ததில்லையாம்.

அன்றிலிருந்து என் தராசு இதுதான்: ஒரு வழியில் சேர்ந்தால், இரண்டு துறைகளின் பக்கத்திலிருந்தும் என் பிழையைப் பிடிக்க ஆள் இருப்பார்களா? பட்டத்தின் பெயர், கிரெடிட் எண்ணிக்கை, வேலைவாய்ப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் தராசில் முதலில் நிற்பது ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது ஐ.ஐ.ஐ.டி. ஐதராபாத். கணினி அறிவியலில் பி.டெக்., கணினி மொழியியலில் ஆராய்ச்சிவழி எம்.எஸ்., இரண்டும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு அங்கே இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே மொழித் தொழில்நுட்பத்துக்கென ஓர் ஆய்வு மையம் உண்டு. மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் மொழியியலையும் நிரலாக்கத்தையும் ஒரே கூரையின் கீழ் படித்து, கடைசியில் ஆய்வேடு எழுதித்தான் வெளியே வர முடியும். ஆய்வேடு என்றால் இரு பக்க ஆசிரியர்களும் படித்துக் கேள்வி கேட்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்த் தேடியது அங்கே நடைபாதையிலேயே கிடைக்கும். நுழைவதற்குத் தனி நுழைவுத் தேர்வு. அதில் ஆராய்ச்சி நாட்டத்தைச் சோதிக்கும் பகுதியும், பிறகு நேர்காணலும் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடங்கள் குறைவு. கட்டணம் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவைப் போன்றவர்களைக் கல்விக் கடனை நோக்கித் தள்ளும் அளவுக்கு இருக்கிறது. பதினேழு வயதிலேயே ஐந்தாண்டுக்கும் மொழியியல்தான் என்று முடிவெடுக்க வேண்டும். பள்ளியில் மொழியியல் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைக்கு அது எளிதல்ல. இன்னொன்று, அங்கே கிடைப்பது மொழியியல். தமிழ் இலக்கியம் அல்ல. கலித்தொகையை அணுவணுவாக ரசிக்க நினைப்பவர் அங்கே போய் ஏமாந்து நிற்கக் கூடாது.

பிலானியின் பிட்ஸ் நிறுவனத்திலும் ஐந்தாண்டில் இரண்டு பட்டம் உண்டு என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். இயற்பியல், கணிதம், பொருளியல் போன்ற ஒன்றில் எம்.எஸ்சி. சேர்ந்து, முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்து ஒரு பொறியியல் கிளையைப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டாவது துறையை அங்கே மதிப்பெண் வரிசை தீர்மானிக்கிறது. மொழிக்கு அந்தப் பட்டியலில் இடமும் இல்லை. சித்தி மகளுக்கு இது பொருந்தாது.

துணைப்பட்டம், அதாவது மைனர் என்பதையும் விரைவாகக் கடந்துவிடலாம். நான் படிக்கும் அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையின்படி, பி.இ. படிப்போடு கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் வேறு துறையில் மைனர் கிடைக்கும். நிதித் தொழில்நுட்பம், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் ஆகியவை அதற்கான பிரிவுகள். கணினியோடு பொது நிர்வாகம் சேர்த்துக் குடிமைப் பணிக்குத் தயாராக விரும்புகிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன். மொழியியலோ தமிழோ பட்டியலில் இல்லை. மொழித் தொழில்நுட்பம் பற்றி இவ்வளவு பேசும் மாநிலத்தில், பொறியியல் மாணவர் 18 கிரெடிட் அளவுக்குக்கூட மொழியியல் படிக்க வழி இல்லாதது எனக்கு வருத்தம்.

இனி நான் போன வழி. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று அறிவித்தது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவே படிக்கலாம். ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது இணையவழி என்றும் படிக்கலாம். இரண்டுமே தொலைநிலையாகவும் இருக்கலாம். முனைவர் பட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. நடைமுறையில் பொறியியல் மாணவருக்கு இரண்டாவது வகைதான் கைக்கு எட்டும். காலை ஒன்பது முதல் மாலை வரை வகுப்பும் ஆய்வகமும் இருக்கும்போது இன்னொரு கல்லூரிக்கு எப்படிப் போவது?

காகிதத்தில் அனுமதி இருக்கிறது. காகிதத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன். தொலைநிலைப் பட்டத்துக்குச் சேர்க்கையின்போது அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்டார்கள். அது என் கல்லூரியில் இருந்தது. கல்லூரி அலுவலகம் அதைத் தர மறுத்தது. மானியக் குழுவின் அறிவிப்பை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியும் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் என் துறைத் தலைவர் நேரில் வந்து பேசிய பிறகு, இரண்டு நாளில் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் முதல் கல்லூரியில் சேரும் முன்பே இரண்டாவது படிப்பு பற்றி எழுத்தில் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

பிறகு தேர்வு. மூன்றாம் செமஸ்டரில் ஒரே நாளில் காலையில் பொறியியல் தாள், பிற்பகலில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இக்கால இலக்கியத் தாள். பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, உள்ளே விடவில்லை. அந்தத் தாளை அரியர் வைத்து அடுத்த சுற்றில்தான் எழுதினேன். இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு கால அட்டவணை போடுவதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மோதல் வரும் என்று கணக்கில் வைத்துத்தான் இதில் இறங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டையும் இணைக்கும் வேலை முழுக்க மாணவர் தலையில் விழுகிறது. கணினி ஆசிரியர்களுக்கு என் பி.ஏ. பற்றித் தெரியாது. பி.ஏ. வகுப்பில் நான் நிரல் எழுதுகிறேன் என்பது ஐயா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாய்த்தது என் நற்பேறு. தொடர்பு வகுப்புக்கே போகாமல் வினாவிடைப் புத்தகத்தை வாங்கித் தேறிவிடவும் இந்தப் படிப்பில் முடியும். அப்படித் தேறியவரிடம் இரண்டு சான்றிதழ்கள் இருக்கும், இரண்டு துறைகள் இருக்காது.

இத்தனைக்கும் பிறகு இந்த வழியை நான் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். செலவு குறைவு. இலக்கியம் முழுமையாகக் கிடைக்கிறது: சங்கப் பாட்டு, யாப்பு, கல்வெட்டு, இலக்கிய வரலாறு. யாப்பு படிக்காமல் இருந்திருந்தால் அந்தக் குறள் நிரலை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நாளை ஆசிரியராக விரும்பினாலும் கதவு திறந்திருக்கும். அரசுப் பள்ளியில் தமிழ் முதுகலை ஆசிரியராக இளநிலையும் முதுநிலையும் அதே பாடத்தில் இருக்க வேண்டும், பி.எட். பட்டமும் வேண்டும். பி.இ. முடித்துவிட்டு நேரே எம்.ஏ. தமிழ் படிப்பவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். பி.ஏ. கையில் இருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது, ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று. பி.இ. முடித்த பின் மொழியியலில் எம்.ஏ. சேரலாம், எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் பல பல்கலைக்கழகங்கள் இதற்கு ஏற்றுக்கொள்கின்றன. அண்ணாமலை, பாரதியார், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்கள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியல் கற்பிக்கும் துறைகள் இருக்கின்றன. முதலில் கேட்டபோது, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டுமா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம் பி.ஏ.யில் எனக்குக் கிடைக்காத ஒரு விடை.

நாம் தினமும் பேசும் சொற்களைப் பாருங்கள். ‘சிஸ்டம்’ என்பதோடு ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபைச் சேர்த்தால் ‘சிஸ்டத்தை’ என்கிறோம். ‘புரோகிராம்’ என்பதோடு சேர்த்தால் ‘புரோகிராமை’ என்கிறோம். ‘புரோகிராத்தை’ என்று ஒருவரும் சொல்வதில்லை. இரண்டுமே இரவல் சொற்கள், இரண்டுமே மகர ஈறு. நமக்கு யாரும் கற்றுக்கொடுக்காத விதி ஒன்று நாக்கில் வேலை செய்கிறது. சொல்லையும் உருபையும் பிரித்துக் காட்ட நான் எழுதிய நிரல் இங்கே திணறியது. மரம் மரத்தை ஆவதற்கு, சொல்லுக்கும் உருபுக்கும் இடையே வரும் ‘அத்து’ என்னும் சாரியை இலக்கணத்தில் இருக்கிறது. ஆனால் இன்று வந்து சேர்ந்த சொல்லில் அது எங்கே வரும், எங்கே வராது என்பதைப் பேசுபவரின் வாயிலிருந்து திரட்டி, அட்டவணையிட்டு, விதியாக்கும் பழக்கம் மொழியியலின் பழக்கம். பி.ஏ. தமிழ் அதைக் கற்பிக்கவில்லை. கற்பிக்கும் என்று நான் எதிர்பார்த்ததுதான் பிழை. தமிழ் இலக்கியம் வேறு, மொழியியல் வேறு. கணினியோடு எதைச் சேர்க்கப் போகிறோம் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான் தெரியாமல்தான் தேர்ந்தெடுத்தேன்.

முதுகலையில் முழுநேரமாகத் துறைக்குள் உட்காரலாம். நிரல் எழுதத் தெரிந்த மாணவரை அங்கே ஆசிரியர்கள் விரும்பி வரவேற்பார்கள் என்பது விசாரித்தவரையில் நான் கண்டது. தடை ஒன்றுதான், அது சிறிய தடை அல்ல. பி.இ. கடைசி ஆண்டில் வளாக நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டால், வீட்டு நிலைமையை மீறி எம்.ஏ. சேர எத்தனை பேரால் முடியும்? எம்.ஏ. சேர்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழர்கள் மூவரில் ஒருவர்கூடச் சேரப் போவதில்லை.

மறுபக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. என் தோழி ஒருத்தி கல்லூரியில் நேரடியாகத் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பில் சேர்ந்தாள். பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரத் தகுதிச் சுற்றைத் தாண்டினால் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழ் கிடைக்கும். வாரந்தோறும் வரும் அசைன்மென்ட்டைத் தள்ளிப்போட முடியாது என்பதால் இது வினாவிடைப் புத்தகப் படிப்பாக மாற வாய்ப்பே இல்லை.

அவள் முதன்முதலில் எழுதிய நிரல்களில் ஒன்று, ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்பது. கணினி 5 என்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறியில் (யூனிகோடில்) அது ஐந்து குறிகள். பொறியியல் படிக்கும் நாங்கள் அந்த ஐந்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள். அவளோ த, மி, ழ் மூன்றுதானே என்று கொதித்துப்போய், எழுத்தை எண்ணும் நிரலை அன்றிரவே எழுதி முடித்தாள். தமிழ் முதலில், கணினி பின்னால் என்று வருபவருக்கு எது பிழை என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கணக்கைக் கண்டு அஞ்சாத தமிழ் மாணவர்களுக்கு இந்த வழியை என் வழிக்கும் மேலாகச் சொல்வேன்.

பட்டமே வேண்டாம், தானாகக் கற்கலாம் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் மின்னூல்களைத் தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். வாக்கிய அமைப்பைக் குறித்துவைக்கும் யுனிவர்சல் டிபென்டன்சிஸ் என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் பழைய தமிழ்த் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்கள்தாம். கைகள் அவ்வளவு தேவைப்படும் துறை இது. ஆனால் தொடக்கத்திலேயே இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். பிழையைப் பிடிக்கும் ஆளை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சித்தி மகளிடம் இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்கு நான் வைத்த வரிசை இது. மொழியின் உள் இயக்கம் பிடித்தால் ஐதராபாத் நுழைவுத் தேர்வை எழுது. இடம் கிடைத்தால் கடன் பற்றி நானும் அம்மாவும் சித்தப்பாவிடம் பேசுகிறோம். கிடைக்காவிட்டால் பி.இ. படித்துவிட்டு மொழியியல் எம்.ஏ., வேலை வந்தாலும் இரண்டு ஆண்டு தள்ளிப்போடும் உறுதியோடு. இலக்கியம்தான் பிடிக்கும் என்றால் நேரடியாகத் தமிழ் படி, பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி. படிப்பை வைத்துக்கொள். நான் போன வழி கடைசி.

“மொழியியல் பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்கு எப்படி அக்கா தெரியும்?” என்றாள். நியாயமான கேள்வி. சிஸ்டத்தை, புரோகிராமை என்ற இரண்டு சொற்களைக் கொடுத்து, ஏன் என்று யோசித்துப் பார் என்றேன்.

மூன்றாம் நாள் இரவு அழைத்தாள். நாற்பது சொற்களை எழுதிவைத்திருந்தாள். ரூமை, டீமை, ஜாமை, ஆல்பத்தை, ஸ்டேடியத்தை. முதலில், மகரத்துக்கு முன்னால் நெடில் இருந்தால் ‘த்து’ வராது என்று எழுதினாளாம். பிறகு ‘ஃபிலிமை’ வந்து அதைக் கெடுத்துவிட்டது, அங்கே குறில்தானே இருக்கிறது என்றாள். “அப்படியென்றால் நெடிலா குறிலா என்பது கணக்கில்லை அக்கா. ஈற்றில் ‘அம்’ இருந்தால்தான் ‘த்து’ வருகிறது.” ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன?” என்று கேட்டாள்.